கை துடைக்கக் கொடுத்த கார் படம்

துணி வியாபாரத்தில் எல்லோரும் கிழியாத துணியை விற்றுப் பேர் வாங்குவார்கள். கிழித்து விற்றே பேர் வாங்க வேண்டிய கிளை ஒன்றும் உண்டு, அதுதான் என்னுடையது.

ராயபுரம் ஸ்டேஷனுக்கு எதிர்ச் சந்தில் எனக்குச் சின்னதாக ஒரு கடை. பழைய வேட்டி, மில்லில் கழித்துப் போட்ட காடா, சாயம் சரியாக ஏறாத லுங்கி எல்லாவற்றையும் வாங்குவேன். கைக்கு அடக்கமாகக் கிழித்து, கட்டுக் கட்டி, துறைமுகத்துக்கும் ரயில்வே ஷெட்டுக்கும் மோட்டார் பட்டறைகளுக்கும் கொடுப்பேன். எண்ணெய்க் கையைத் துடைக்கவும் இஞ்சினைத் துடைக்கவும் ஆகும். என் சரக்கு எங்கே போய்ச் சேருகிறது என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. துடைத்தார்கள், தூக்கி எறிந்தார்கள், மறுபடி வாங்கினார்கள். அருமையான வியாபாரம்! அதில் போய் ஒரு கார் படத்தை அச்சடித்தேன் பாருங்கள், அன்றைக்கு ஆரம்பித்தது பேஜார்.

இதைப் படிக்கிறவர்களில் சிலர் கடைக்காரர்களாக இருப்பீர்கள். வருஷா வருஷம் வாடிக்கைக்காரருக்கு இனாமாக ஏதாவது கொடுத்திருப்பீர்கள். அடுத்த வருஷம் அவர் வீட்டுக்குப் போனால் அது பிரிக்காத பொட்டலமாகப் பெட்டிக்குள் கிடக்கும். "நல்லா இருந்தது, அதான் எடுத்து வச்சிட்டேன்" என்பார். அப்போது உங்களுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல வந்திருக்கும் இல்லையா? வாருங்கள், நாமெல்லாம் ஒரே ஜாதி.

மானேஜரின் ஆசை

டிராம் வண்டி ஓடிக்கொண்டிருந்த காலம் அது. கடையில் எனக்கு நேரம் சரியில்லாமல் இருந்தது. கப்பல்களுக்குச் சாமான் சப்ளை செய்கிறவர்கள்தான் என் பெரிய கிராக்கி. இஞ்சினுக்குள் நூல் சிக்கக்கூடாது என்று அவர்கள் ஓரம் அடித்த துணியாகக் கேட்பார்கள். அதற்காகவே பக்கத்துத் தெருவில் பிலோமினாவும் இன்னும் மூன்று பெண்களும் எனக்கு மிஷினில் ஓரம் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று அந்தக் கிராக்கி எல்லாம் விலை மலிவு என்று மில்லின் கழிவுப் பஞ்சை மூட்டையாக வாங்க ஆரம்பித்துவிட்டது. நாலு மிஷினும் சும்மா நின்றன. பிலோமினாவுக்குத் திருவொற்றியூர் தீப்பெட்டி பேக்டரி வாசலில் போய் நிற்க வேண்டியதுதான் வழி. எனக்கு ஆம்பூர், அங்கே என் மச்சான் தோல் பதனிடுகிற ஷாப் வைத்திருந்தான். மச்சானிடம் போய்க் கைகட்டி நிற்பதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு மோட்டார் கம்பெனியின் மானேஜர் வரதராஜன் வெள்ளைக் காரில் வந்து சந்து முனையில் இறங்கினார். வெள்ளைக் கோட்டு, வெள்ளைக் கால்சட்டை. சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்து மைதானத்தில் மோட்டார் காட்சி நடக்கப் போகிறது, வருகிறவர்களுக்குக் கொடுக்கக் கை துடைக்கும் துணி வேண்டும், அதில் காரின் படமும் கம்பெனியின் பேரும் அச்சடித்திருக்க வேண்டும் என்றார். பாதியைக் காட்சியில் கொடுப்பார்கள். மீதியைப் பட்டறை பட்டறையாக நான் போய்க் கொடுக்க வேண்டும்.

"காலண்டர் குடுத்தா சுவத்துல மாட்டிட்டு மறந்துடறான் பாய். காரு வாங்கறவன் யார் பேச்சைக் கேட்கறான்? மெக்கானிக் பேச்சைத்தான். அந்த மெக்கானிக்கோட தோள்ல எங்க கம்பெனி பேரு கிடக்கணும்" என்றார். அடுத்துச் சொன்னதுதான் என் தலையெழுத்து. கொஞ்ச காலம் கழித்து அவரே ஷெட்டு ஷெட்டாக வந்து பார்ப்பாராம். துணி கறுத்துக் கிடந்தால் வருஷா வருஷம் ஆர்டர் எனக்குத்தான். வெளுப்பாக இருந்தால் அதோடு சரி. காரில் ஏறிக் கதவைச் சாத்திவிட்டு, கண்ணாடியை இறக்கி மறுபடியும் சொன்னார்: "நல்லா ஞாபகம் வச்சுக்குங்க பாய், எனக்கு அழுக்கு வேணும்."

பெட்ரோலும் சோப்பும்

அச்சு வேலையை வண்ணாரப்பேட்டை ஏழுமலையிடம் கொடுத்தேன். அவர் லுங்கிக்கு அச்சுப் போடுகிறவர். யானைக்கவுனியில் கட்டை செதுக்கி வாங்கி, சிவப்புக் கரை, நடுவில் நீலக் கார், கீழே கம்பெனி பேர் என்று மாதிரித் துணி ஒன்றைப் போட்டுக் காட்டினார். பார்க்கக் கண் கொள்ளவில்லை! உப்புத் தண்ணீரில் ஊற வைத்தார், சோப்புப் போட்டார், கல்லில் அடித்து வெயிலில் காயப் போட்டார். ஒரு சொட்டுச் சாயம் போகவில்லை. இரண்டு பேரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கம்பெனிக்குப் போனோம்.

மானேஜர் மாதிரியைக் கையில் வாங்கினார், சந்தோஷப்பட்டார், "துடைச்சுப் பார்க்கலாமே" என்று துணியைப் பெட்ரோலில் நனைத்துத் தன் வெள்ளைக் காரின் கதவைத் துடைத்தார். துணியில் இருந்த நீலக் கார் கதவுக்கு வந்துவிட்டது. அழுத்தித் துடைத்தார். நீலம் பின் கதவு வரைக்கும் போயிற்று. மானேஜர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஏழுமலை மட்டும் கொஞ்சமும் அசரவில்லை. தன் துணியை அவர் கையிலிருந்து வாங்கி மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் கோபமாகக் கேட்டார்: "இன்னா பாய் இது, துணிக்குப் பெட்ரோல் ஊத்துவாங்கன்னு எவன் கண்டான்? எங்க பேட்டையில தண்ணியிலதான் தொவைக்கிறது!"

பச்சைக் கரை

சாயத்தை மாற்றி, பெட்ரோலில் முக்கிப் பார்த்து, பிலோமினாவின் ஆட்களை வைத்து ஓரம் அடித்து, ஒரு வழியாகத் துணி தயாராயிற்று. கடைசிக் கட்டுகளுக்கு வரும்போது ஏழுமலையிடம் சிவப்புச் சாயம் தீர்ந்துபோனது. காட்சிக்கு நாள் நெருங்கிவிட்டது, என்ன செய்வது? கையில் இருந்த பச்சையைப் போட்டுக் கரையை முடித்தார். விஷயம் அவ்வளவுதான்.

காட்சிக்கு நானும் போயிருந்தேன். கம்பெனி ஸ்டாலில் துணி கொடுக்கிற மேஜைக்கு முன்னால் வரிசை. பளபளவென்று நிற்கிற காரை ஒரு பார்வை பார்த்துவிட்டு எல்லோரும் நேராகத் துணிக்குத்தான் வந்தார்கள். ஒரு ஆள் வாங்கிக்கொண்டு போய், தலையில் தொப்பி வைத்துக்கொண்டு மறுபடி வந்தார். அப்புறம் தொப்பியைப் பெண்சாதி கையில் கொடுத்துவிட்டு மீசையைத் தடவிக்கொண்டு வந்தார். கொடுக்கிற பையன்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வாசலுக்கு வெளியே இன்னொரு கூத்து. பச்சைக் கரை, காருக்கு ஆர்டர் கொடுத்த பெரிய மனிதர்களுக்கு மட்டும் கொடுப்பது என்று யாரோ கிளப்பி விட்டிருக்கிறார்கள். இரண்டு சிவப்புக்கு ஒரு பச்சை என்று மாற்றிக்கொண்டிருந்தார்கள். சாயம் தீர்ந்த கதை எனக்கும் ஏழுமலைக்கும் மட்டும்தான் தெரியும். நான் வாயைத் திறந்தால் அடி விழும் போலிருந்தது.

கண்ணாடி போட்ட ஒரு குமாஸ்தா, பார்த்தால் நல்ல மனிதர், ஆளாளுக்குக் கெஞ்சிக் கெஞ்சிக் கடைசியில் ஒரு பச்சைக் கரையை வாங்கிவிட்டார். மடித்துச் சட்டைப் பையில் கரை மட்டும் வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டார். "சாருக்கு எந்தக் காரு?" என்று மரியாதையாகக் கேட்டேன். வெட்கப்பட்டுச் சிரித்தார். "காரு எங்க சாய்பு? டிராம்லதான் வந்தேன். இது பையில இருந்தா, திரும்பிப் போறப்ப கண்டக்டராவது கொஞ்சம் மரியாதையா பேசுவானேன்னுதான்."

மாரியின் பனியன்

காட்சி முடிந்தது. மீதித் துணியில் பெரும்பாகத்தை நான் தண்டையார்பேட்டையிலிருந்து எண்ணூர் ரோடு வரைக்கும் பட்டறை பட்டறையாகக் கொடுத்துவிட்டு வந்தேன். ஒரு மாதம் விட்டு, எவ்வளவு கறுத்திருக்கிறது பார்ப்போம் என்று கிளம்பினேன். அழுக்கைப் பார்க்க இவ்வளவு ஆசையாக யாரும் போயிருக்க மாட்டார்கள்.

முதலில் தண்டையார்பேட்டை மாரியின் ஷெட். லாரிக்கு அடியிலிருந்து வெளியே வந்தார் மாரி. முழங்கை வரைக்கும் கிரீஸ். கையை எங்கே துடைக்கிறார் என்று கண்ணை எடுக்காமல் பார்த்தேன். பனியன் முன்பக்கம் துடைத்தார். பின்பக்கம் துடைத்தார். பாக்கியைத் தலைமயிரில் தடவிக்கொண்டார். "மாரி, நான் குடுத்த துணி எங்க?" என்றேன். "இரு பாய்" என்று போய், மணலும் சோப்பும் போட்டுக் கையைக் கழுவி, ஈரம் காய உதறி, சாமான் பெட்டியின் மேல்தட்டைத் திறந்தார். நியூஸ் பேப்பர் பொட்டலம். அதைப் பிரித்தால் என் துணி, மடிப்புக் கலையாமல் இருக்கிறது! "நல்லா கீதுல்ல?" என்று என்னிடமே காட்டுகிறார்.

எனக்கு வந்ததே கோபம்! கை துடைக்கத்தானே கொடுத்தேன், கம்பெனிக்காரர் வந்து பார்த்தால் என் கதி என்ன ஆகும் என்று கத்தினேன். மாரி பொறுமையாகக் கேட்டார். பொட்டலத்தை மறுபடி கட்டி உள்ளே வைத்தார். என் தோளில் கையைப் போட்டுச் சமாதானமாகச் சொன்னார்: "நல்ல துணிய யாராவது கலீஜ் பண்ணுவாங்களா பாய்? உன் கடையில கிழிசல் கீதே, அத்த ஒரு கட்டு குடு, கை தொடைக்கத் துணி இல்லாம பேஜாரா கீது."

மாதாவின் கார்

மற்ற ஷெட்டுகளிலும் இதே கதைதான். ஒருவர் லாரியின் முன் கண்ணாடிக்குத் திரை போட்டிருந்தார். இன்னொருவர் தொட்டில் குழந்தைக்குப் போர்த்தியிருந்தார், அதுவும் கார் மேலே தெரிகிற மாதிரி. திருவொற்றியூரில் ஒருவர் சட்டம் போட்டுக் கண்ணாடிக்குள் மாட்டி, பூ கூட வைத்திருந்தார். இன்னும் யார் யார் என்னென்ன செய்திருப்பார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கே ஒரு வெறி பிடித்துவிட்டது. வேலையைப் போட்டுவிட்டு அலைந்தேன்.

பிலோமினாவிடம் சொல்லி அழலாம் என்று ஒரு நாள் அவள் வீட்டுக்குப் போனேன். அன்றைக்குப் பார்த்து வீடு மந்திரிக்கச் சர்ச்சிலிருந்து பங்குச் சாமியார் வந்திருந்தார். நான் வாசலிலேயே நின்றேன். சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே மூலைக்குப் போனவர், அங்கேயே நின்றுவிட்டார். எட்டிப் பார்த்தேன். மாதா சுரூபத்துக்குக் கீழே சிவப்புக் கரை போட்ட என் துணி, கஞ்சி போட்டுத் தேய்த்து விரித்திருக்கிறது. மாதாவின் பாதத்துக்கு நேர் கீழே நீலக் கார்.

அட, இவளுமா! ஆர்டர் போனால் தீப்பெட்டி பேக்டரி வாசலுக்குப் போக வேண்டியவளே இவள்தான். துணி எதற்கு என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. சாமியார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "மாதாவுக்கு எதுக்கம்மா காரு?" என்று கேட்டார். பிலோமினா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பவ்யமாகச் சொன்னாள்: "வேளாங்கண்ணி இன்னா கிட்டத்துலயா கீது சாமி? அவங்க அம்மாந்தொலைவு நடந்தா வர்றது?"

பெண் பார்க்கப் போன இடம்

எண்ணூர் உப்பளத்துக்கு லாரி ஓட்டுகிற முனுசாமி ஒரு நாள் கடைக்கு வந்து, திருவொற்றியூரில் பெண் பார்க்கப் போகிறேன், பெரிய மனுஷனாட்டம் கூட ஒரு ஆள் வேணும், வா பாய் என்று இழுத்துக்கொண்டு போனான். பெண்ணின் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். பேசவே மாட்டேன் என்கிறார். பாயில் உட்கார்ந்ததும் முனுசாமி சட்டைப் பையிலிருந்து என்னத்தையோ எடுத்தான். என் துணியேதான்! மடியில் அழகாக விரித்துக்கொண்டு, கார் படம் நேராக இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டான்.

பெண் காபி கொண்டுவந்தாள். டம்ளர் விளிம்பு வரைக்கும் காபி. எனக்குள் ஒரு நப்பாசை. யா அல்லா, ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு அந்தத் துணியில் விழட்டும், ஒரு கறையையாவது கண்ணால் பார்த்துவிட்டுச் சாகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். டம்ளர் சாய்ந்தது. காபி கொட்டியது. முனுசாமி படக்கென்று உள்ளங்கையை நீட்டிக் கொதிக்கிற காபியை அப்படியே வாங்கிக்கொண்டான். துணியில் ஒரு சொட்டு விழவில்லை. கை சிவந்துபோய், வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான் படுபாவி.

எல்லோரும் பதறி எழுந்தார்கள். பெண்ணின் அப்பா மட்டும் எழவில்லை. முனுசாமியின் கையைப் பார்த்தார், மடியில் இருந்த துணியைப் பார்த்தார், உள்ளே திரும்பிப் பெண்சாதியிடம் அன்றைக்கு முதல்முதலாக வாயைத் திறந்தார்: "ஒரு துணிய இம்மாம் பத்திரமா பாத்துக்கறான், பொண்ண பாத்துக்க மாட்டானா? தாம்பாளத்த எடுத்துனு வா."

திருஷ்டிப் பொட்டு

சனிக்கிழமை மானேஜர் வருகிறார் என்று கம்பெனியிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். முதலில் மாரியின் ஷெட்டாம். நான் இடிந்துபோய் உட்கார்ந்தேன். மச்சானின் தோல் ஷாப் நாற்றம் ராயபுரத்துக்கே வந்துவிட்ட மாதிரி இருந்தது. கடையில் இன்னும் கொஞ்சம் துணி மீதி இருந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்து என்ன பிரயோஜனம்? அதுவும் பொட்டலத்துக்குள்தான் போகும்.

பிலோமினாதான் யோசனை சொன்னாள். "சுத்தமா கீதேன்னுதான பாய் எடுத்து வைக்கிறாங்க? மொத கறைய நாமளே வச்சிட்டா?" நல்ல யோசனைதான். ஆனால் புதுத் துணியைக் கெடுக்க யாருக்குக் கை வரும்? அவளும் மற்ற மூன்று பெண்களும் தயங்கித் தயங்கி, சுண்டுவிரலில் கிரீஸைத் தொட்டு, ஒவ்வொரு துணியிலும் மூலையில் ஒரு பொட்டு வைத்தார்கள். நான் ஒரு கட்டைக் கொண்டுபோய் மாரியிடம் கொடுத்தேன். மாரி பொட்டைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. குழந்தைக்குக் கன்னத்தில் மை வைக்கிற மாதிரி, கண் படாமல் இருக்கக் கம்பெனியே திருஷ்டிப் பொட்டு வைத்துக் கொடுத்திருக்கிறது என்று சொல்லி, துணியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நேராகச் சாமான் பெட்டிக்குக் கொண்டுபோனார்! போச்சு, முன்னைவிடப் பத்திரமாகிவிட்டது.

திரும்பி வந்து விஷயத்தைச் சொன்னேன். பிலோமினா எழுந்தாள். சிலுவை போட்டுக்கொண்டாள். கிரீஸ் டப்பாவில் கையை மணிக்கட்டு வரைக்கும் விட்டாள். அள்ளி, கரை, கார், பேர் எல்லாவற்றின் மேலும் தேய்த்துக் கசக்கிப் போட்டாள். மற்ற பெண்களும் ஆரம்பித்தார்கள். கஷ்டப்பட்டு ஓரம் அடித்த கையே அதை நாசம் பண்ணுவதைப் பார்க்க முடியாமல் நான் திரும்பி நின்றுகொண்டேன். ஏழுமலை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போய்விட்டார். அந்த மூட்டையை ஷெட்டில் கொண்டுபோய்க் கொட்டினேன். மாரி ஒன்றை எடுத்து விரித்து, உதட்டைப் பிதுக்கி, அடுத்த நிமிஷமே முழங்கை வரைக்கும் துடைத்துக்கொண்டு சொன்னார்: "யாரோ தொடச்ச துணியா? அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா பாய், இத்தினி நாளா பனியன பாழ் பண்ணிகினு கெடந்தேன்."

மானேஜர் வந்தார்

சனிக்கிழமை வெள்ளைக் கார் ஷெட் வாசலில் வந்து நின்றது. மானேஜர் இறங்கி உள்ளே வந்தார். மாரியின் தோளில் ஒரு துணி, கறுப்பு. பெட்டி மேல் ஒன்று, கறுப்பு. கொடியில், தரையில், லாரி படியில் எல்லாம் அட்டைக் கறுப்பு. உற்றுப் பார்த்தால்தான் நீலக் கார் தெரியும். மானேஜருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பேஷ் பாய், பேஷ்! இதைத்தான் நான் கேட்டேன்" என்று முதுகில் தட்டினார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வந்திருப்பது யார் என்று மாரிக்குத் தெரியாது. அவர் பாட்டுக்கு லாரிக்கு அடியில் போய், எண்ணெய்ச் சேற்றைத் தோள் துணியால் வழித்தார். வெளியே வந்தார். தும்மல் வந்தது. அதே துணியில், கம்பெனி பேர் இருக்கிற பக்கத்தில், அழுத்தமாக மூக்கைச் சிந்தினார். தூக்கிப் போட்டார். ஷெட்டில் கிடக்கிற நாய் எழுந்து வந்து அந்தத் துணியை ஒரு சுற்றுச் சுற்றி, அதன் மேல் படுத்துக்கொண்டது.

மானேஜரின் சிரிப்பு நின்றுபோயிற்று. ரொம்ப நேரம் அந்த நாயையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் குனிந்து துணியை மெதுவாக இழுத்தார். நாய் உறுமியது. விடாமல் இழுத்து எடுத்து, உதறி, பேர் உள்பக்கம் வருகிற மாதிரி மடித்து, தன் வெள்ளைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். பைக்கு வெளியே கிரீஸ் ஊறி வந்தது. அதை அவர் கவனிக்கவே இல்லை. மற்ற ஷெட்டுகளைப் பற்றிக் கேட்கவே இல்லை, நேராகக் காரைப் பார்த்து நடந்தார். நானும் பின்னால் நடந்தேன். "இந்தப் பேரைச் சொல்லித்தான் பாய் எங்க வீட்டுல அடுப்பு எரியறது" என்றார். கோட்டுப் பையைத் தடவிக்கொண்டார். "ஆர்டர் உங்களுக்குத்தான். ஆனா இனிமே அச்சு வேண்டாம். வெறும் துணி போதும்."

வெறும் துணி! ஏழுமலைக்குக் கவலையில்லை, லுங்கி அச்சு இருக்கவே இருக்கிறது. ஆனால் வெறும் துணிதான் வேண்டும் என்றால், கப்பல்காரர்களைப் போல மில் கழிவை மூட்டையாக வாங்கிப் போட்டுவிடலாமே? நாலு மிஷினும் மறுபடி நின்றுவிடுமே? பிலோமினாவிடம் போய் என்னவென்று சொல்வேன்? கேட்கப் பயமாக இருந்தது, கேட்காமலும் இருக்க முடியவில்லை. கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, "அப்ப ஓரம் சார்? ஓரம் அடிக்கிறதா, வேணாமா?" என்றேன். மானேஜர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டதை வெட்கமில்லாமல் சொல்கிறேன், அவர் சொன்னது இதுதான்: "அடிக்காம? பேரு இல்லேன்னாலும் அவன் துடைக்கப் போறது எங்க இஞ்சினைத்தானே பாய், ஒரு நூல் பிரியக்கூடாது."

ஆக, மோட்டார் காட்சிக்கே கார் படம் போட்டுக் கொடுத்தவன் என்று வடக்கு மெட்ராஸ் பூராவும் பேர் வாங்கிய நான், அதற்கப்புறம் காலமெல்லாம் அந்தக் கம்பெனிக்கு விற்றது ஓர் எழுத்துக்கூட இல்லாத துணியைத்தான்.